உட்லண்ட்ஸிலிருந்து கேமரன் மலைக்குப் பைக்கில்: எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு ஆபத்து?

ஞாயிறு இரவு, கிளம்புமுன்

பைக் வாங்கப் போகிறேன் என்றால் சிங்கப்பூரில் எந்தத் தமிழ் வீட்டிலும் முதலில் வரும் பதில் "வேணாம்பா" தான். அதற்குப் பின்னால் உண்மையான கணக்கு இருக்கிறது. 2024ஆம் ஆண்டு இங்கே சாலை விபத்துகளில் 142 பேர் இறந்தார்கள். அவர்களில் 85 பேர் மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் அல்லது பின்னால் உட்கார்ந்து போனவர்கள். மொத்த வாகனங்களில் பைக்கின் பங்கோ ஏறக்குறைய 15 விழுக்காடுதான். கடற்பாலத்தைத் தாண்டினால், மலேசியாவில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் உயிரை விடுகிறார்கள். அங்கேயும் பெரும்பாலோர் இருசக்கர வண்டிக்காரர்களே.

இந்த எண்களை மொத்தமாக வைத்துப் பேசினால், ஒருவர் "உயிரோட விளையாடாதே" என்பார், இன்னொருவர் "வாழ்றதே ஒரு தடவைதான்" என்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஆபத்து பாதை முழுக்க ஒரே அளவில் பரவிக் கிடப்பதில்லை. சந்திப்புகளிலும், மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களிலும், உடம்பு சோர்ந்த கடைசி ஒரு மணி நேரத்திலும் அது திரண்டு நிற்கிறது. பைக் தரும் நிறைவு பெரும்பாலும் அந்த இடங்களில் இல்லை. இன்பம் எதுவும் தராத இடத்து ஆபத்தை விலை கொடுத்தாவது குறைத்துவிட வேண்டும், மீதியைத் தெரிந்தே ஏற்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து மலேசியாவின் கேமரன் மலைக்குப் போய்த் திரும்பும் ஐந்து நாள் பாதையை அந்தக் கண்ணோடு நாளுக்கு நாள் எழுதுகிறோம்.

முதலில் வண்டி. டயரில் காற்றை வண்டி குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் 3, 4 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றோடுதான் கிளம்புவோம். 200 சிசி வண்டிகள் பலவற்றுக்கு முன்னால் 29, பின்னால் 33 என்ற அளவில் இருக்கும். சரியான எண் வண்டியிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உண்டு. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஐந்து ஆறு ஆண்டு தாண்டினால் ரப்பர் இறுகிவிடும். வரிப்பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ஈரத்தில் பிடிப்பு குறைந்துவிடும்.

செயினைக் கீழ்ப்பக்கம் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் தளர்ந்தும் இன்னோரிடத்தில் விறைத்தும் இருந்தால் இழுத்துக் கட்டிப் பயனில்லை, பல்சக்கரங்கள் சேர்ந்த செட்டோடு மாற்ற வேண்டும். சுமையோடு பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் மேலே எழும்பி செயின் இன்னும் இறுகும். அளவுக்கு மேல் இறுக்கிய செயின் அப்போதுதான் கியர் பெட்டியின் பேரிங்கைத் தின்னும், சில வேளை அறுந்தும் போகும். பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் உபியிலோ காக்கி புக்கிட்டிலோ உள்ள பட்டறையில் முன்னதாகவே மாற்றிவிடுங்கள். காரணம் வியாழக்கிழமைக் குறிப்பில் வரும்.

மூட்டையில் கனமானது இருக்கைக்கு ஒட்டினாற்போல், தாழ்வாக இருக்கட்டும். பின்னால் தொங்கும் டாப் பாக்ஸில் கனம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகி, வேகத்தில் வண்டி வால் ஆட்டும். சின்ன வகைப் பெட்டிகளுக்கு 3 கிலோதான் வரம்பு. பலர் அதில் பூட்டையும் கருவிகளையும் அடைக்கிறார்கள்.

காகிதங்களில் பாஸ்போர்ட்டையும் லைசன்ஸையும் யாரும் மறப்பதில்லை. மறப்பது வேறு. பயணக் காப்புறுதியின் விலக்குப் பட்டியலில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா, சிசி வரம்பு உண்டா என்று படித்துப் பாருங்கள். உயில் எழுதியிருந்தாலும் மசேநி (மத்திய சேம நிதி) பணம் உயிலின்படி போகாது, அதற்குத் தனி நியமனம் செய்ய வேண்டும். சுயநினைவு இழந்தால் நமக்காக முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரமும் வேண்டும். இதையெல்லாம் பேசுவது அபசகுனம் என்று தள்ளிப்போடும் வீட்டில்தான் ஆபத்தின் முழுப் பாரமும் பின்னால் மனைவி, மக்கள், அம்மா தலையில் இறங்குகிறது.

திங்கள்: உட்லண்ட்ஸ், மெர்சிங், குவாந்தான் (சுமார் 330 கிமீ)

காலை 6 மணிக்குக் கடற்பாலம். வேலை நாளில் ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் பக்கம் பைக்குகளால் அடைத்து நிற்கும், நாம் போகும் பக்கம் காலியாக இருக்கும். சனிக்கிழமை கிளம்புவோருக்கு இந்த வசதி இல்லை. ஒரு மணி நேரம் புகையில் நின்று கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டால், அந்தச் சோர்வு பிறகு வழியிலுள்ள ரொம்பின் ஊர்ப் பக்கம் வந்து சேரும். ஒரு நாள் விடுப்பு எடுத்துத் திங்களன்று போவது பணத்தால் வாங்கக்கூடிய பாதுகாப்பு.

பெட்ரோலுக்கு ரான் 97 மட்டும். சிங்கப்பூர் எண் வண்டிக்கு மானிய விலை ரான் 95 ஊற்றக்கூடாது என்பது அங்குள்ள சட்டம்.

ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வரை நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் இன்றைய நாளின் மோசமான பகுதி அதுவே. இருபுறமும் கடை, பள்ளி, தொழிற்பேட்டை, சந்திப்புமேல் சந்திப்பு. லாஸ் ஏஞ்சலிஸில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981ல் வெளிவந்த ஹர்ட் அறிக்கை இன்றும் பேசப்படுகிறது. விபத்துகளில் முக்கால் பங்கு வேறு வாகனத்தோடு மோதியவை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கில் வழிவிட வேண்டியவர் மற்ற வாகனத்துக்காரர். விபத்துக்கு முந்தைய வேகத்தின் நடு அளவு மணிக்கு 48 கிமீ மட்டுமே. ஓட்டியவருக்குச் சுதாரிக்கக் கிடைத்த நேரம் இரண்டு வினாடிக்கும் குறைவு. மலைவளைவில் பறப்பவர்தான் சாவார் என்ற எண்ணத்தை இந்த ஒரு ஆய்வே உடைத்துப் போடுகிறது.

நம் ஊர்ச் சாலையில் இதன் பொருள் எளிது. எதிரே வந்து வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் காரைக் கண்டால் அதன் முன்சக்கரத்தைப் பாருங்கள். ஓட்டுநர் முகத்தைப் பார்ப்பதில் பயனில்லை, நம்மைப் பார்த்தபடியே திரும்புவார். சக்கரம்தான் முதலில் அசையும். வேகத்தை 50க்குக் குறைத்து, இரண்டு விரலை முன்பிரேக்கில் வைத்து, தடத்துக்குள்ளேயே சற்று இடம் மாறுங்கள். நேராக வரும் ஒற்றை விளக்கின் தூரத்தைக் கண் சரியாகக் கணிப்பதில்லை. பக்கவாட்டில் அசையும்போது சட்டென்று கவனிக்கும்.

கோத்தா திங்கிக்கு ஏழரைக்கு வந்தால் போதும். அதற்கு முன்பே மெர்சிங் சாலையில் நுழைய வேண்டாம். யானை கடக்கும் இடம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள், அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. இருட்டில் சாம்பல் நிற யானையின் மேல் வெளிச்சம் விழுந்தாலும் கடைசி நொடி வரை தெரியாது.

இருவழிச் சாலையில் லாரியை முந்துவதற்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும். லாரி 60ல், நாம் 90ல். வேக வேறுபாடு வினாடிக்கு 8.3 மீட்டர். பின்னால் இருபது, லாரியின் நீளம் பதினைந்து, முன்னால் சேரும்போது இருபத்தைந்து என்று 60 மீட்டர் ஏற வேண்டும், ஏழு வினாடி ஆகும். அதற்குள் நாம் 180 மீட்டர் போய்விடுவோம், எதிரே வருபவரும் 180 மீட்டர் வந்துவிடுவார். 360 மீட்டர் வெறுஞ்சாலை கண்ணுக்குத் தெரிந்தால் முந்துங்கள், தெரியாவிட்டால் லாரிக்குப் பின்னாலேயே இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நட்டமாகாது.

செம்பனை லாரிகள் வளைவில் சாயும்போது பழம் சிந்தும். ஆரஞ்சும் கறுப்புமாகக் கோலிக்குண்டைவிடப் பெரிசு. முழுப் பழம் தெரியும், தப்பிக்கலாம். டயரில் நசுங்கிய பழம் தாரோடு ஒட்டிக் கறுத்த தடமாகிவிடும். அதன் மேல் தூறல் விழுந்தால் எண்ணெய் மேலே மிதக்கும். வளைவின் வெளிப்பக்கத்தில் அந்தக் கறுப்புத் தடம் தெரிந்தால் வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல், நிமிர்த்திக் கடந்துவிட்டுப் பிறகு சாயுங்கள்.

எண்டாவ் தாண்டி ரொம்பின் வரை கடலோரக் காற்று, தென்னை, சாலையில் உலவும் மாடுகள். உச்சிவெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றக் கை அரிக்கும். வலைத்துணி ஜாக்கெட்டை உள்சட்டையோடு தண்ணீரில் நனைத்துப் போட்டால் அரை மணி நேரம் குளிர்ந்தே இருக்கும். முழங்கையிலும் தோளிலும் உள்ள காப்பட்டையில் ஈஎன் 1621 என்ற ஐரோப்பியத் தர முத்திரையும் நிலை எண்ணும் இருக்கும். நிலை 2 அட்டை நிலை 1ஐவிட மிகக் குறைந்த விசையையே உள்ளே விடும். ஹெல்மெட்டைப் பற்றி நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அது இறப்பை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகத் தெரிந்தது. நாடாவை இறுக்கிக் கட்டினால்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

செவ்வாய்: குவாந்தான், மாரான், கோலா லிப்பிஸ்

இன்று தூரம் குறைவு, வேண்டுமென்றே. மாரானில் மரத்தாண்டவர் ஆலயம் வழியிலேயே இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் நெரியும் கோயில், வேலை நாள் காலையில் அமைதியாக இருக்கும். வண்டிக்குப் பூசை போடுவோர் ஒன்றைக் கவனியுங்கள்: சந்தனமும் குங்குமமும் டேங்கில் வைக்கலாம், ஹெட்லைட் கண்ணாடியில் வேண்டாம், காய்ந்தால் இரவில் ஒளி சிதறும். தேங்காய் எண்ணெய் பட்ட விரலால் பிரேக் டிஸ்க்கைத் தொட்டுக் கும்பிடவே கூடாது. பிரேக் பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் முன்பிரேக் பாதிகூட பிடிக்காது, பேடையே மாற்ற வேண்டியிருக்கும். எலுமிச்சையை நசுக்கியபின் முதல் சந்திப்பு வரை மெதுவாகப் போங்கள்.

ஜெராண்டுட், பெந்தா வழியாகக் கோலா லிப்பிஸ். பிற்பகல் இரண்டு மணிக்கே வந்துவிடலாம். இன்றே மலையேறிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். இடைப்பருவ மாதங்களில் மலையில் இடிமழை பிற்பகலில்தான் இறங்கும். மழை தொடங்கிய பத்து பதினைந்து நிமிடம், தாரில் படிந்த எண்ணெயும் தூசியும் கழுவிப் போகும்வரை, சாலை மிக வழுக்கும். இந்தப் பயணத்தின் உயிரே நாளைய சாலை. அதைக் களைத்த உடம்போடு ஈரத்தில் ஓட்டினால் ஆபத்து ஏறும், இன்பம் இறங்கும். ஓர் இரவு அறைவாடகை கொடுத்து இரண்டையும் சரிசெய்யலாம். பஞ்சர் பை இருக்கிறதா என்று இரவே பாருங்கள். டியூப் இல்லாத டயருக்கு ஒட்டுக் கயிறு ஐந்து, 16 கிராம் காற்றுக் குப்பி மூன்று நான்கு. கம்பிச் சக்கரத்தில் டியூப் இருந்தால் அந்தப் பை உதவாது, மாற்று டியூபும் நெம்புகோலும் வேண்டும்.

புதன்: சுங்கை கோயான், ரிங்லெட், தானா ராத்தா

சுங்கை கோயானில் டேங்கை நிரப்புங்கள். அதற்கப்பால் ரிங்லெட் வரை பெட்ரோலை நம்பக்கூடாது. பல இடத்தில் போன் சிக்னலும் இராது. தனியாக வருபவர் ரிங்லெட்டை எத்தனை மணிக்குள் எட்ட வேண்டும் என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டு ஏறுங்கள். இரத்தப்போக்கை நிறுத்தும் அழுத்துப்பட்டை பெட்டியில் அடியில் கிடக்கக்கூடாது, ஜாக்கெட் பையில் இருக்க வேண்டும். விழுந்தவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். அவசர எண் 999.

காலை எட்டு மணி. காடு இருபுறமும் மூங்கிலும் பெரணியுமாக எழும்பும். பெத்தாவ் பக்கம் ஓராங் அஸ்லி பூர்வகுடியினரின் குடியிருப்புகள், முற்றத்தில் புகை. ஏற ஏறக் காற்று மாறுவது முதலில் கழுத்தில் தெரியும். ரிங்லெட் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடிவாரத்தைவிட ஆறேழு டிகிரி குறைவு. ஈர மண், அழுகிய இலை, எங்கோ பூத்த இஞ்சி என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மணம். காரில் கண்ணாடியை இறக்கினாலும் இது பாதிதான் வரும். உடம்பு சாய, வண்டி சாய, சாலை திறக்க, அடுத்ததற்குத் தயாராக, மனத்தில் வேறு எதற்கும் இடமில்லாத அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஆண்டு முழுக்கச் செயினைத் துடைக்கிறோம். இந்த மகிழ்ச்சிக்கு ஆபத்தே காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். நாங்கள் ஒப்பவில்லை. இதே சாலையில் 60ல் போனாலும் அது குறைவதில்லை.

வளைவுக்குள் நுழையுமுன் சாலையின் இரு ஓரமும் தூரத்தில் ஒன்றுசேரும் புள்ளியைப் பாருங்கள். அது நம்மைவிட்டு விலகிப் போனால் வளைவு விரிகிறது, வேகத்தை வைத்துக்கொள்ளலாம். அப்படியே நின்றால் இன்னும் குறைக்க வேண்டும். பிரேக்கும் கியர் மாற்றமும் வண்டி நேராக இருக்கும்போதே முடியட்டும். வளைவுக்குள் திராட்டலை இலேசாக முறுக்கியபடி, கண் வெளிவாசலில். பயந்து பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும். சாய வேண்டிய பக்கத்துக் கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள்: இடப்பக்கம் போக இடது கையால் தள்ளு. வளைவு நினைத்ததைவிட இறுகினால் பிரேக்கை அழுத்துவதைக் காட்டிலும் இன்னும் கொஞ்சம் தள்ளுவதே காப்பாற்றும். டயரில் பெரும்பாலும் பிடிப்பு மிச்சம் இருக்கும், நம்பிக்கைதான் முதலில் தீரும்.

வலப்பக்க வளைவில் நடுக்கோட்டை ஒட்டாதீர்கள். சக்கரம் நம் தடத்தில் இருந்தாலும், சாயும்போது தலை கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும். எதிரே காய்கறி லாரி வளைவை வெட்டிக்கொண்டு வரும். மழைக்கு மறுநாள் சரிவிலிருந்து செம்மண் வழிந்து தடத்தில் படிந்திருக்கும். மரநிழல் விழும் வளைவுகளில் பாசியும் இருக்கும்.

பதினொரு மணிக்குத் தானா ராத்தா. பிற்பகல் மழையை அறையிலிருந்து பாருங்கள். நின்றபின் 1929ல் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்துக்குப் போகலாம். தோட்டச் சாலை ஒரு காருக்கே இடுக்கு, வளைவுகளில் ஹாரன் அடித்து ஏறுங்கள்.

வியாழன்: தாப்பா இறக்கம், பிறகு நெடுஞ்சாலை

தாப்பாவுக்கு இறங்கும் சாலை முழுக்க வளைவு. ஒன்றரை மணி நேரம் பிரேக் லீவரைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் என்ன ஆகும்? பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். டிஸ்க்கின் சூடு காலிப்பருக்குள் இறங்கி ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில்தான் அமுங்காது. லீவர் கைப்பிடி வரை பஞ்சாகப் போய்விடும். இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொன்னது இதற்காகத்தான். இறக்கத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சினே பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாகச் சுருக்கமாகப் பிடித்து முழுதாக விடுங்கள். லாத்தா இஸ்கந்தார் அருவியில் நிறுத்தி டிஸ்க் ஆற நேரம் கொடுக்கலாம். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தாப்பாவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. பைக்குக்குச் சுங்கம் இல்லை, சுங்கச்சாவடியில் இடது ஓரத்துத் தனிப்பாதையில் போகலாம். வேக வரம்பு 110. காய்ந்த சாலையில் 90ல் போகும்போது, ஒரு வினாடி சுதாரிப்போடு சேர்த்து நிற்க 70 மீட்டர் வேண்டும். 110ல் ஏறக்குறைய 100 மீட்டர். ஈரத்தில் இன்னும் கூடும். 110ல் போவதால் நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் மிச்சம். இந்தச் சாலையில் பார்க்க எதுவும் இல்லை, வளைவும் இல்லை. மூன்று நாளாகச் சொல்லிவரும் கணக்கின்படி இது தூய ஆபத்துப் பகுதி, 90 போதும்.

மழை வந்தால் மேம்பாலத்துக்கடியில் அவசரத் தடத்தில் ஒதுங்கி மழைக்கோட்டு மாட்டுவோரைப் பார்க்கலாம். தடம் மாறும் லாரி நேரே அங்கே ஏறும். பைக்குகளுக்கென்று கட்டிய ஒதுங்குமிடம் வரை, இல்லையென்றால் ஓய்விடம் வரை போய் மாட்டுங்கள். மேகம் கறுத்தவுடனே மாட்டிக்கொண்டால் இந்தச் சிக்கலே வராது. காதடைப்பான் அவசியம். காற்றிரைச்சல் செவியைக் கெடுப்பதோடு களைப்பையும் ஏற்றும். 150 கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கித் தண்ணீர் குடியுங்கள்.

சிரம்பானில் இரவு தங்கல். ஒரே மூச்சில் சிங்கப்பூர் போனால் 540 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், கடைசிப் பகுதி இருட்டில்.

வெள்ளி: இரண்டாம் இணைப்புப் பாலம், துவாஸ்

காலையில் கிளம்பினால் நண்பகலுக்குள் துவாஸ். பாதை தெரியும், வீடு பக்கம், கை தானாக முறுக்கும். கூலாயிலிருந்து வீட்டு மாடி வரை 80ஐத் தாண்டாமல் ஓட்டுங்கள்.

பின்னால் உட்கார்ந்து வருபவரைப் பற்றி ஒரு சொல். அவர் கையில் பிரேக் இல்லை, வளைவு வருவது தெரியாது, ஆனால் விழுந்தால் காயம் அவருக்கும் அதே. அவருக்கும் அதே தரத்து ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் வாங்கக் காசில்லை என்றால் அவரை ஏற்றாதீர்கள். பின்டயர் காற்றையும் பின் ஸ்பிரிங்கையும் இருவர் எடைக்கு மாற்றுங்கள். புதன்கிழமைச் சாலையை அவர் விரும்பினால் சரி, நமக்காக வருகிறார் என்றால் கேமரனுக்குப் பஸ் இருக்கிறது.

வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், சூட்டில்தான் உள்ளே இறங்கும். எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி. ஓடும் எஞ்சினில் துடைத்து விரலைப் பல்சக்கரத்தில் கொடுத்தவர்கள் உண்டு. பேடின் கனத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், 2 மில்லிமீட்டர் என்றால் நாளைக்கே மாற்ற வேண்டும். திங்கட்கிழமை காலை மழையாக இருந்தால் வண்டியைக் கார் பார்க்கிலேயே விட்டுவிட்டு வேலைக்கு எம்ஆர்டியில் போங்கள். தீவு விரைவுச்சாலையில் லாரிகளுக்கிடையே நனைந்துகொண்டு போவதில் புதன்கிழமையின் எதுவும் இல்லை.